பெங்களூரில் ஒரு பெட்டி ஸ்மித்ஸ் சிங்கிள்கள்: மொத்தமாக வாங்கலாமா, பொறுக்கி எடுக்கலாமா?

ஊசிமுனை (காக்ஸ் டவுன்)

எல்லாருக்கும் வணக்கம். பிரேசர் டவுனில் தெரிந்தவர் வீட்டில் பரண் ஒழித்தபோது ஒரு மரப்பெட்டி இறங்கியிருக்கிறது. அவருடைய பெரியப்பா 80-களில் லீட்ஸில் படித்தவர், திரும்பி வரும்போது கொண்டுவந்தது. உள்ளே பெரும்பாலும் தி ஸ்மித்ஸ், 80-களின் மான்செஸ்டர் ராக் குழு. 7 அங்குல சிங்கிள்கள் (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சின்னத் தட்டு), இரண்டு 12 அங்குலம், அடியில் வேறு சில தட்டுகளும் இருக்கின்றன. அவற்றை இன்னும் பார்க்கவில்லை.

மொத்தமாக எடுத்தால் 22,000 என்கிறார். பிரித்துத் தரவும் தயார், ஆனால் அப்படியானால் ஒவ்வொன்றுக்கும் தனி விலை சொல்வார்.

எனக்கு ஸ்மித்ஸ் என்றால் உயிர். இதுவரை என்னிடம் ஆல்பங்கள்தான் உண்டு, சிங்கிள் ஒன்றுகூட இல்லை. கேள்விகள் இவைதான். இவை எல்லாம் அந்தக் காலத்து ராஃப் ட்ரேட் (அவர்களுடைய தட்டுக் கம்பெனி) அச்சா, பிற்பாடு வந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எதை விடக்கூடாது? எதை விட்டால் நஷ்டமில்லை?

இன்னொரு விஷயம். அவர் வீட்டு பிளேயரில் இரண்டு தட்டு போட்டுக் காட்டினார். பாடகர் குரல் கட்டையாக, இழுத்து இழுத்து வந்தது. வேகத்தை 45-ல்தான் (நிமிடத்துக்கு 45 சுற்று) வைத்திருந்தார், நானே பார்த்தேன். தட்டில் கோளாறா, இல்லை போலி அச்சா?

கணக்கன்

அம்மா, நீங்கள் வைத்திருக்கும் ஆல்பங்களிலேயே பாட்டு எல்லாம் இருக்குமே. அதே மூன்று நிமிடப் பாட்டைச் சின்னத் தட்டில் இன்னொரு தடவை வாங்க 22,000 ரூபாயா? கொஞ்சம் யோசியுங்கள்.

பி_சைடு_பாலா (ஜெயநகர்)

கணக்கன், மற்ற இசைக்குழுக்களுக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டைப் பிய்த்துச் சிங்கிளாக விடுவார்கள், பின்பக்கம் ஏதோ ஒப்புக்கு ஒன்று. ஸ்மித்ஸ் விஷயத்தில் கதையே வேறு.

1983 மே மாதம் முதல் சிங்கிள். 1987 கடைசியில் கடைசி சிங்கிள், அதற்குள் குழுவே கலைந்துவிட்டது. இந்த ஐந்து வருடத்துக்குள் 17 சிங்கிள். ஸ்டுடியோ ஆல்பம் நான்கே நான்கு. பானிக், ஆஸ்க், ஷாப்லிஃப்டர்ஸ், ஷீலா, இந்த நான்கும் எந்த ஸ்டுடியோ ஆல்பத்திலும் கிடையாது. ஹெவன் நோஸ் கிடையாது. வில்லியம் கிடையாது. திஸ் சார்மிங் மேன் முதல் ஆல்பத்தின் பிரிட்டிஷ் முதல் அச்சில் கிடையாது. அதாவது ஆல்பம் மட்டும் வைத்திருப்பவர் கையில் இருப்பது பாதி ஸ்மித்ஸ்தான்.

தொகுப்புகள் இருக்கின்றனவே என்று அடுத்து வருவீர்கள். வாருங்கள். 1984 நவம்பரில் வந்த ஹாட்ஃபுல் ஆஃப் ஹாலோவில் திஸ் சார்மிங் மேன் இருக்கிறது. ஆனால் அது பி.பி.சி.யில் ஜான் பீல் நிகழ்ச்சிக்காகப் பதிவானது. கடையில் விற்ற சிங்கிள் வேறு வாசிப்பு. அந்தப் பாட்டின் ஆரம்பக் கிடார் சிங்கிளில் மணி மாதிரி தெறித்து வரும், பி.பி.சி. பதிவில் அவ்வளவு மினுக்கம் இல்லை. ஹேண்ட் இன் க்ளவ் கதை தலைகீழ். முதல் ஆல்பத்தில் இருப்பது மறுபடி மிக்ஸ் செய்தது, சிங்கிளில் இருந்ததுதான் ஹாட்ஃபுல்லில் வந்தது. ஸ்ட்ரெச் அவுட் அண்ட் வெயிட் 12 அங்குலத்தில் ஒரு குரல் பதிவு, 1987-ல் வந்த தி வேர்ல்ட் வோன்ட் லிஸன் தொகுப்பில் வேறு குரல் பதிவு. ஜீன் என்ற பாட்டு திஸ் சார்மிங் மேன் 7 அங்குலத்தின் பின்பக்கம் வந்தது. அந்தக் காலத் தொகுப்பு எதிலும் அதைச் சேர்க்கவே இல்லை.

ஆகவே ஊசிமுனை, வாங்குங்கள். ஆனால் மொத்தமாக வேண்டாம். படம் போடுங்கள், ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

வயர்மேன்_எஸ்பி_ரோடு

தட்டை விடுங்கள், முதலில் அந்த பிளேயரைச் சொல்லுங்கள். அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்ததா? பக்கத்தில் கனமான ஒரு டிரான்ஸ்ஃபார்மர் டப்பா இருந்ததா?

ஊசிமுனை

ஆமாம்! கீழே ஒரு சாம்பல் நிற டப்பா ஹம்மென்று முனகிக்கொண்டு இருந்தது. பிளேயர் அவருடைய மருமகன் நியூ ஜெர்சியிலிருந்து கொண்டுவந்தது என்றார். உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

வயர்மேன்_எஸ்பி_ரோடு

வாரம் ஒருத்தர் இந்தப் புகாரோடு வருவார். டிரான்ஸ்ஃபார்மர் 230 வோல்ட்டை 110 ஆக இறக்கும், அவ்வளவுதான். ஹெர்ட்ஸை அது தொடாது. அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நம் ஊரில் 50. அந்தக் காலத்து பெல்ட் டிரைவ் பிளேயர் பலதில் இருப்பது சிங்க்ரோனஸ் மோட்டார். லைனில் வரும் ஹெர்ட்ஸுக்குத் தகுந்தபடிதான் சுற்றும். 60-க்குச் செய்ததை 50-ல் ஓட்டினால் ஆறில் ஐந்து பங்கு வேகம்தான் கிடைக்கும். 45 என்பது 37.5 ஆகிவிடும். சுருதி ஏறக்குறைய மூன்று அரைச்சுரம் இறங்கும். குரல் கட்டையாகத்தான் கேட்கும்.

தட்டில் ஒரு குறையும் இல்லை. மோட்டார் முனையில் இருக்கும் பித்தளைப் புல்லியை 50 ஹெர்ட்ஸ் அளவுக்கு மாற்றினால் சரியாகிவிடும். அந்தப் புல்லி கொஞ்சம் பெரியதாக இருக்கும். கிடைக்காவிட்டால் லேத்தில் கடைந்து தருவார்கள். டைரக்ட் டிரைவ், டி.சி. மோட்டார் வகைக்கெல்லாம் இந்தத் தொல்லை இல்லை. விற்பவரிடம் இப்போதைக்கு இதைச் சொல்லவேண்டாம், பேரத்துக்கு உதவும்.

கோரமங்கலா_கிச்சா

ஸ்மித்ஸ் பாடகர் மோரிஸி ஏற்கெனவே அழுதுகொண்டேதான் பாடுவார். அதையும் 37.5-ல் போட்டால் வீட்டில் துக்கம் விசாரிக்க ஆள் வந்துவிடும்.

எக்கோ_மாணிக்கம் (லிங்கராஜபுரம்)

வயர்மேன் தம்பி, கடைசியில் சொன்னது சரியில்லை. தட்டு நன்றாகத்தான் இருக்கிறது என்று தெரிந்துகொண்டே கோளாறு மாதிரிக் காட்டி விலை குறைப்பது நம்மவர்கள் செய்கிற காரியமா? பிளேயரின் குறையை அவருக்கும் சொல்லிவிடுங்கள் ஊசிமுனை. விலையைத் தட்டின் நிலைமையை வைத்துப் பேசுங்கள், அதற்கே நிறைய இடம் இருக்கும்.

எனக்கு உங்கள் ஸ்மித்ஸ் தெரியாது. நான் சேர்ப்பதெல்லாம் 76-க்கு அப்புறம் வந்த இளையராஜா ஈ.பி.க்கள், எச்.எம்.வி., இன்ரிக்கோ, எக்கோ கம்பெனிகள் அடித்தவை. ஆனால் 7 அங்குலத் தட்டு எந்த ஊரில் அடித்தாலும் பரணில் கிடந்தால் வரும் வியாதி ஒன்றுதான். போய்ப் பார்க்கும்போது ஒரு சின்ன டார்ச் கொண்டுபோங்கள். தட்டை உறையிலிருந்து எடுத்து, விளிம்பையும் நடு லேபிளையும் மட்டும் பிடித்து, வெளிச்சத்தைச் சாய்வாக அடியுங்கள். நேராக அடித்தால் எல்லாத் தட்டும் புதுசு மாதிரிதான் தெரியும்.

மயிரிழைக் கோடுகள் குறுக்கும் நெடுக்கும் இருந்தால் பெரிதாகக் கவலையில்லை, பெரும்பாலும் சத்தம் வராது. நகத்தை மெல்ல ஓட்டினால் தட்டுப்படும் கீறல் இருந்தால் அங்கே ஊசி குதிக்கும். பள்ளங்களின் கறுப்பு மங்கிச் சாம்பல் பூத்தாற்போல் இருந்தால், பழைய கனமான ஊசியில் தேயத் தேய ஓட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதை எந்தக் கழுவலும் மீட்காது. வெள்ளைப் புள்ளி, சிலந்திவலை மாதிரிப் படர்ந்திருந்தால் பூசணம். பெங்களூர் மழைக்கு அது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். அது கழுவினால் போகும், பயப்படவேண்டாம்.

கடைசியாக, கண் மட்டத்துக்குத் தட்டைத் தூக்கிப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். அப்பளம் மாதிரி நெளிந்திருந்தால் அதைத் தனியாக வைத்துவிடுங்கள்.

ஊசிமுனை

மாணிக்கம் அண்ணா, ரொம்ப நன்றி. பிளேயர் விஷயத்தை அவரிடமே சொல்லிவிட்டேன். சந்தோஷப்பட்டார். இத்தனை நாளாகத் தன் காதுதான் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தாராம்.

இன்று டார்ச்சோடு போய்ப் பார்த்தேன். படங்கள் ஏற்றியிருக்கிறேன். இருப்பவை: வாட் டிஃபரன்ஸ், திஸ் சார்மிங் மேன், ஹெவன் நோஸ், வில்லியம், ஹவ் சூன் இஸ் நவ், ஷேக்ஸ்பியர்ஸ் சிஸ்டர், பிக்மவுத், பானிக், ஆஸ்க். 12 அங்குலத்தில் வில்லியம், பானிக். பானிக் 7 அங்குலம் நெளிந்திருக்கிறது. ஆஸ்க் தட்டு சாம்பல் பூத்திருக்கிறது. மற்றவை சுமாரிலிருந்து நன்று வரை.

வாட் டிஃபரன்ஸ் உறையில் ஒருவர் பால் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்கிறார். இணையத்தில் பார்த்த உறையில் வேறு ஆள். குழப்பமாக இருக்கிறது.

பி_சைடு_பாலா

பால் தம்ளரா?!! அந்தத் தட்டைக் கையை விட்டு இறக்காதீர்கள்.

ஸ்மித்ஸ் உறைகளில் குழுவினர் முகம் இருக்காது. பழைய நடிகர்கள், எழுத்தாளர்கள் என்று மோரிஸி தனக்குப் பிடித்த முகங்களைத் தேடித் தேடிப் போடுவார், எல்லாம் ஒற்றை நிறச் சாயத்தில். பிக்மவுத்தில் ஜேம்ஸ் டீன், தி பாய் வித் தி தார்னில் ட்ரூமன் கப்போட்டி, ஷேக்ஸ்பியர்ஸ் சிஸ்டரில் தொலைக்காட்சி நடிகை பேட் ஃபீனிக்ஸ். 1984 ஜனவரியில் வாட் டிஃபரன்ஸுக்கு நடிகர் டெரன்ஸ் ஸ்டாம்ப் படத்தைப் போட்டார்கள். அவர் ஆட்சேபித்தார். உறையை நிறுத்தினார்கள். அதே தோரணையில் மோரிஸியே நின்று, கையில் பால் தம்ளரோடு படம் எடுத்துப் புது உறை அடித்தார்கள். அப்புறம் ஸ்டாம்ப் மனம் மாறிச் சம்மதிக்க, பழைய உறையே திரும்ப வந்தது. ஆகவே பால் தம்ளர் உறை கொஞ்ச காலம்தான் புழங்கியது. சேகரிப்பவர்கள் தேடுவது அதைத்தான். இணையத்தில் நீங்கள் பார்த்த வேறு ஆள்தான் ஸ்டாம்ப்.

வில்லியம் உறையைச் சொல்லுங்கள். படுக்கையில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறாரா, இல்லை ஒரு பெண் முகமா?

ஊசிமுனை

7 அங்குலத்தில் பெண் முகம். 12 அங்குலத்தில் ஆள் உட்கார்ந்திருக்கிறார்.

பி_சைடு_பாலா

பெண் முகம் நடிகை பில்லி வைட்லா. 1987-ல் உறையை மாற்றி மறுபடி அச்சடித்தது. முதல் அச்சு 1984 ஆகஸ்ட், அதில் பழைய விளம்பரப் படம் ஒன்று, ஆள் படுக்கையில். ஆகவே உங்கள் 7 அங்குலம் மறு அச்சு, 12 அங்குலம் முதல் அச்சு. இது நல்ல செய்தி. ஏன் என்றால்...

ஹவ் சூன் இஸ் நவ் முதன்முதலில் எங்கே வந்தது தெரியுமா? அந்த வில்லியம் 12 அங்குலத்தின் பின்பக்கத்தில். ஏழு நிமிடத்தைத் தொடும் பாட்டு. குழுவின் கிடார்க்காரர் ஜானி மார் தன் கிடாரைப் பல ஃபெண்டர் ஆம்ப்ளிஃபையர்கள் வழியாக அனுப்பி, அவற்றின் அதிர்வு வேகத்தைத் தாளத்தோடு ஒட்ட வைக்கத் தயாரிப்பாளர் ஜான் போர்ட்டரோடு உட்கார்ந்து மெனக்கெட்டு எடுத்த ஒலி. அதைக் கொண்டுபோய் பின்பக்கத்தில் ஒளித்துவைத்தார்கள்! அப்புறம் எல்லாரும் கேட்டுக் கேட்டு, 1985 தொடக்கத்தில் தனி சிங்கிளாக வந்தது. ஆனால் 7 அங்குலத்தில் ஏழு நிமிடத்தை எப்படி அடைப்பது? வெட்டிச் சுருக்கிவிட்டார்கள். உங்கள் பெட்டியில் இருக்கும் ஹவ் சூன் 7 அங்குலம் அந்தச் சுருக்கம்தான். எனக்கு அதைக் கேட்டால் சாப்பாட்டில் பாதியில் இலையை எடுத்தது போல இருக்கும். வில்லியம் 12 அங்குலம் இருக்கும்போது அது தேவையே இல்லை.

12 அங்குலம் 45-ல் ஓடினால் பள்ளத்துக்கு இடம் தாராளம். பாஸ் நன்றாக இறங்கும். ஆண்டி ரூர்க்கின் பாஸை ஃபோனில் கேட்டுவிட்டு ஸ்மித்ஸ் தெரியும் என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. 2023-ல் அவர் போய்ச் சேர்ந்தபோதாவது நாலு பேர் திரும்பப் போய்க் கேட்டார்கள்.

மாதுங்கா_மணி (மும்பை)

பாலா சார் சொன்னதில் ஒரு திருத்தம் வேண்டும். ஹவ் சூன் 7 அங்குலம் தேவையே இல்லை என்று தள்ளக்கூடாது. அதன் பின்பக்கம் வெல் ஐ வொண்டர். அதுவும் உறையும் சேர்த்துப் பார்த்தால் வைத்துக்கொள்ளலாம். சேகரிப்பு என்றால் காது மட்டும் இல்லையே, கண்ணும்தான்.

இங்கே சோர் பஜார் மட்டன் ஸ்ட்ரீட்டில் நான் இத்தனை வருடம் சுற்றியும் ஸ்மித்ஸ் 7 அங்குலம் கண்ணில் பட்டதே கிடையாது. ஆங்கிலத் தட்டு என்றால் ஆப்பா, போனி எம், கிளிஃப் ரிச்சர்டு. ரிதம் ஹவுஸ் கடை 2016-ல் மூடியபின் புதுத் தட்டுக்கும் அலைச்சல்தான். ஊரிலேயே பெட்டி கிடைத்திருக்கிறது உங்களுக்கு. கொடுத்துவைத்தவர்.

பி_சைடு_பாலா

வெல் ஐ வொண்டர் மீட் இஸ் மர்டர் ஆல்பத்திலேயே இருக்கிறது மணி. ஊசிமுனையிடம் அந்த ஆல்பமும் இருக்கும். உறைக்காக வேண்டுமானால் சரி.

கணக்கன்

நான் ஒன்று கேட்கலாமா? இவ்வளவும் படித்தேன், சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் 2008-ல் ஸ்மித்ஸ் சிங்கிள்களை 7 அங்குலத்திலேயே புதிதாக அச்சடித்து ஒரே பெட்டியாக விட்டார்களே. பாட்டும் அதே, உறையும் அதே, கீறல் கிடையாது, பூசணம் கிடையாது. கேட்பதற்குத்தான் வாங்குகிறீர்கள் என்றால் அது போதாதா? இல்லை பழசு என்பதற்காகவே வாங்குகிறீர்கள் என்றால் அதைச் சொல்லிவிடுங்கள், நான் ஒதுங்கிக்கொள்கிறேன்.

ஊசிமுனை

நியாயமான கேள்வி. பழசு என்பதற்காகவும்தான். எனக்கு அதில் வெட்கமில்லை. 1984-ல் மான்செஸ்டர் பையன் ஒருவன் வாரச் சம்பளத்தில் வாங்கிய அதே பொருள் என் கையில் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. அந்தப் பெட்டியும் இப்போது அச்சில் இல்லை. இறக்குமதி செய்தால் தபால் செலவும் சுங்கத் தீர்வையும் சேர்ந்து இந்த 22,000-ஐத் தொட்டுவிடும். போன வருடம் வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் ஒரே ஒரு எல்.பி. வரவழைத்தேன். அட்டைப்பெட்டிக்குள் தாங்கல் அட்டை ஒன்றுகூட வைக்காமல் அனுப்பி, மூலை நசுங்கி, தட்டு விளிம்பு உடைந்து வந்தது. தபால்காரர் தீர்வைப் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார். கண்ணால் பார்த்து, கையால் தூக்கி வாங்குவதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் பரவாயில்லை.

கணக்கன்

சரி, நேர்மையான பதில். ஒதுங்கவில்லை. இருந்தாலும் 22,000 அதிகம். டிஸ்காக்ஸ் தளத்தில் ஒவ்வொரு அச்சுக்கும் முன்பு விற்ற விலைகள் இருக்கும், குறைந்தது, நடு, அதிகம் என்று. நடு விலையைத் தட்டின் நிலைமைக்குத் தக்கபடி குறைத்து ஒவ்வொன்றுக்கும் போட்டுக் கூட்டுங்கள். பால் தம்ளரையும் வில்லியம் 12 அங்குலத்தையும் தனியாக வையுங்கள். நெளிந்த பானிக்குக்கும் தேய்ந்த ஆஸ்க்குக்கும் உறை விலை மட்டும். அந்தத் தாளோடு போய்ப் பேசுங்கள். நான் செய்தால் அப்படித்தான் செய்வேன், வாங்கமாட்டேன் என்பது வேறு விஷயம்.

கோரமங்கலா_கிச்சா

கணக்கன் சார் உள்ளுக்குள் ஒரு சேகரிப்பாளர் ஒளிந்திருக்கிறார் என்று சந்தேகம்.

நானும் ஒரு கேள்வி. அச்சு எது என்று உறையை வைத்து மட்டும்தான் சொல்ல முடியுமா? உறையை மாற்றி வைத்திருந்தால்?

பி_சைடு_பாலா

நல்ல கேள்வி. உறையை நம்பக்கூடாது. நாற்பது வருடத்தில் எந்தத் தட்டு எந்த உறைக்குள் போனதோ. லேபிளுக்கும் கடைசிப் பள்ளத்துக்கும் நடுவே மொழுக்கென்று ஒரு வளையம் இருக்கும், ரன்-அவுட். அதில் எண் கீறியிருக்கும். ஹேண்ட் இன் க்ளவ் ஆர்.டி. 131, திஸ் சார்மிங் மேன் 136, வாட் டிஃபரன்ஸ் 146, ஹெவன் நோஸ் 156, வில்லியம் 166. 12 அங்குலம் என்றால் ஆர்.டி.டி. என்று தொடங்கும். எண்ணுக்குப் பின்னால் வரும் சின்ன எழுத்துகளை டிஸ்காக்ஸில் ஒப்பிட்டால் எந்த அச்சு என்று தெரியும்.

ஸ்மித்ஸ் தட்டுகளில் எண்ணோடு நிற்காது. சின்னச் சின்ன வாசகங்களும் கீறியிருப்பார்கள். கடையில் வாங்கி வீட்டுக்குப் போய் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தவனுக்கு மட்டும் கிடைக்கிற ரகசியம். ஊசிமுனை, உங்கள் ஹெவன் நோஸ் தட்டின் முன்பக்கம் என்ன எழுதியிருக்கிறது, பாருங்களேன்.

ஊசிமுனை

அவரிடம் ஃபோன் போட்டு, அவர் பேத்தியை டார்ச் பிடிக்கச் சொல்லிப் பார்த்தாயிற்று. "ஸ்மித்ஸ் இன்டீட்." அந்தப் பெண் கத்தியது எனக்கு இங்கே கேட்டது. மறுபக்கம் "இல் ஃபாரெவர்" என்று படித்தாள். இப்போது பேத்தி தட்டை விற்கக்கூடாது என்கிறாளாம். பாலா, உங்களால் என் விலை ஏறப்போகிறது.

பி_சைடு_பாலா

ஐயோ. அந்தப் பெண்ணிடம் பானிக்கைக் கொடுத்துவிடுங்கள், நெளிந்தாலும் சுவரில் மாட்டலாம்.

சரி, இன்னொன்று: திஸ் சார்மிங் மேன் லேபிளைப் படம் போடவில்லையே. ராஃப் ட்ரேடா?

ஊசிமுனை

இல்லை. டபிள்யூ.ஈ.ஏ. என்று இருக்கிறது.

பி_சைடு_பாலா

அப்படியானால் 1992 மறுவெளியீடு. பெரியப்பா திரும்பிய பிறகு யாரோ அனுப்பியிருக்கவேண்டும். வேடிக்கை என்னவென்றால், 1983-ல் இந்தப் பாட்டு பிரிட்டிஷ் பட்டியலில் 25-ஆம் இடம்தான். குழு கலைந்து ஐந்து வருடம் கழித்து வந்த மறுவெளியீடு 8-க்குப் போனது. கேட்பதற்கு நல்ல தட்டு. சேகரிப்பு மதிப்பு குறைவு. மலிவாக முடியுங்கள்.

எக்கோ_மாணிக்கம்

எல்லாம் சரி, கொண்டுவந்த அன்றைக்கே ஊசியை வைத்துவிடாதீர்கள். பூசணத்தோடு ஓட்டினால் ஊசியும் கெடும், பள்ளத்திலும் அழுக்கு அரைபடும். டிஸ்டில்டு வாட்டர், அதில் கொஞ்சம் ஐசோபுரொபைல் ஆல்கஹால், இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம். மைக்ரோஃபைபர் துணியால் பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து, வெறும் டிஸ்டில்டு வாட்டரில் அலசி, பாத்திரத் தட்டியில் நிறுத்திக் காயவிடுங்கள். லேபிளில் ஈரம் படக்கூடாது. பெட்டி அடியில் 78 வேகத் தட்டு ஏதாவது இருந்தால் அதற்கு ஆல்கஹால் கூடவே கூடாது. அது அரக்கு, கரைந்துவிடும். பழைய காகித உள்ளுறைகளைத் தூக்கிப்போட்டுப் புது ஆன்டி-ஸ்டாட்டிக் உறை வாங்குங்கள். படுக்கவைக்காமல் நிறுத்திவையுங்கள்.

உங்கள் பிளேயர் என்ன?

ஊசிமுனை

ஆடியோ-டெக்னிகா எல்.பி.60. ஆட்டோமேட்டிக்.

வயர்மேன்_எஸ்பி_ரோடு

போதும், நல்ல ஆரம்பம். 7 அங்குலம், 12 அங்குலம் என்று ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும், தட்டு மாற்றும்போது அதையும் மாற்றுங்கள். மறந்தால் கை தப்பான இடத்தில் இறங்கும். வில்லியம் 12 அங்குலம் போடும்போது வேகத்தை 45-ல் வையுங்கள், பெரிய தட்டு என்று 33-க்குப் போய்விடாதீர்கள். அப்புறம் மறுபடி குரல் கட்டை என்று இங்கே எழுதுவீர்கள். சூட்கேஸ் மாடல் பிளேயர் பக்கம் மட்டும் போகாதீர்கள். அதன் ஊசி அழுத்தம் அதிகம். முதல் அச்சை அதில் ஓட்டினால் எனக்கு வயிறு எரியும்.

எக்கோ_மாணிக்கம்

ஒரு சுவாரசியம். நம் தமிழ் ஈ.பி.யில் ஒரு பக்கத்துக்கு இரண்டு பாட்டு, மொத்தம் நான்கு. பள்ளங்களை நெருக்கித்தான் வெட்டவேண்டும், சத்தம் கொஞ்சம் குறையும். இவர்களுடையது பக்கத்துக்கு ஒரு பாட்டு, மூன்று நிமிடம். வால்யூமை வழக்கமான இடத்தில் வைத்தால் தூக்கிப்போடும், பார்த்து.

ஊசிமுனை

முடிந்தது. கணக்கன் சார் சொன்னபடி தாள் போட்டுக்கொண்டு போனேன். அவர் தாளைப் பார்த்துக் கொஞ்சம் முகம் சுளித்தார், ஆனால் பிளேயர் விஷயத்தைச் சொன்ன நன்றி இருந்ததால் உட்காரவைத்துக் காபி கொடுத்துப் பேசினார். எடுத்தவை: பால் தம்ளர், வில்லியம் 12 அங்குலம், ஷேக்ஸ்பியர்ஸ் சிஸ்டர், பிக்மவுத், பானிக் 12 அங்குலம், திஸ் சார்மிங் மேன். மொத்தம் 13,500. ஹவ் சூனையும் வில்லியம் 7 அங்குலத்தையும் விட்டுவிட்டேன். மணி, உங்களுக்கு வேண்டுமானால் அவர் எண்ணைத் தனிச்செய்தியில் தருகிறேன். ஹெவன் நோஸ் பேத்தியிடமே இருக்கிறது. கேட்டுப் பார்த்தேன், கதவைச் சாத்திக்கொண்டாள்.

மாதுங்கா_மணி

தாருங்கள் தாருங்கள். அடுத்த மாதம் பெங்களூர் வருகிறேன், நேரிலேயே வாங்கிக்கொள்கிறேன்.

கணக்கன்

13,500 பரவாயில்லை. வில்லியம் 12 அங்குலத்தைக் கழுவி ஓட்டியதும் எழுதுங்கள். அந்த ஏழு நிமிடப் பாட்டை ஃபோனில் இப்போதுதான் கேட்டேன். தட்டில் எப்படி இருக்கும் என்று ஒரு இது.

கோரமங்கலா_கிச்சா

சொன்னேனா இல்லையா.

ஊசிமுனை

கணக்கன் சார், ஞாயிற்றுக்கிழமை காக்ஸ் டவுன் பக்கம் வந்தால் வீட்டுக்கே வாருங்கள், கேட்கலாம். பாலாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

மாணிக்கம் அண்ணா, உங்களுக்கு ஒரு செய்தி. பெட்டியின் அடியில் இருந்தவை தமிழ் ஈ.பி.க்கள். செய்தித்தாளில் சுற்றியிருந்ததால் நான் முதலில் கவனிக்கவில்லை. எனக்கு அவற்றைப் பற்றி ஒன்றும் தெரியாது, அவரும் சும்மா எடுத்துக்கொள் என்று சேர்த்துக் கொடுத்துவிட்டார்.

எக்கோ_மாணிக்கம்

சும்மாவா! லேபிள் என்ன நிறம்? நாய் படம் இருக்கிறதா? யார் இசை என்று போட்டிருக்கிறது? இரண்டு பக்கத்தையும் படம் எடுத்துப் போடுங்கள் அம்மா. கழுவவேண்டாம், துடைக்கவும் வேண்டாம், அப்படியே வையுங்கள். ஞாயிறு நானும் வருகிறேன்.